சென்னைத் தெருமரங்கள் ஏன் சாய்கின்றன: வேரில் நடப்பதும் வாசலில் நினைப்பதும்

அக்டோபர் பிறந்ததும் சென்னையில் இரண்டு புகார்கள் சேர்ந்தே கிளம்பும். எங்கள் தெருவில் சாய்ந்து நிற்கும் மரத்தை உடனே வெட்டுங்கள் என்பது ஒன்று. நன்றாக இருந்த மரத்தை ஆள் விட்டு மொட்டையடித்துவிட்டார்கள் என்பது மற்றொன்று. புகார் கொடுக்கும் இரு தரப்பும் அண்ணாந்து கிளைகளைத்தான் பார்க்கிறார்கள். மரம் விழுவதற்கான காரணமோ பெரும்பாலும் அவர்கள் நின்றுகொண்டிருக்கும் நடைபாதைக்கு அடியில் இருக்கிறது. அந்த நடைபாதை அப்படி ஆனதில் தெருவாசிகளின் விருப்பத்துக்கும் பங்கு உண்டு.

இந்தச் சிக்கலைப் பிரித்துப் பார்க்க, மரம் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தரைக்குக் கீழே என்ன இருக்கிறது

மேலே எவ்வளவு உயரமோ கீழே அவ்வளவு ஆழம் என்று பலரும் நினைக்கிறார்கள். வளர்ந்த மரம் அப்படி இருப்பதில்லை. வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் இரண்டடிக்குள்ளேயே படர்கிறது. வேருக்குக் காற்று வேண்டும். ஆழத்தில் அது கிடைக்காது. ஆனால் பக்கவாட்டில் கிளைகளின் விரிவையும் தாண்டிப் போகும்.

இந்த வேர்களை வேலையை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம்.

1. தாங்குவேர்கள். அடிமரத்திலிருந்து நாலாபுறமும் கிளம்பும், கை கனத்துக்கும் தொடை கனத்துக்கும் இருக்கும் வேர்கள் இவை. மரம் நிற்பது இவற்றால்தான். காற்று ஒரு பக்கம் தள்ளும்போது, காற்று வரும் பக்கத்து வேர்கள் கயிறுபோல இழுபட்டு மரத்தைப் பிடித்து நிறுத்துகின்றன.

2. உறிஞ்சுவேர்கள். நூல் கனத்தில், கிளைகளின் விளிம்புக்கு நேர்கீழேயும் அதற்கு அப்பாலும் பரவி நீரையும் சத்தையும் எடுப்பவை.

அடிமரம் வேராகப் பிரியும், சற்றே அகன்ற இடத்தை வேர்க்கழுத்து என்பார்கள். அது எப்போதும் மண்ணுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். தெருவில் நிற்கும் ஒரு மரம் மின்கம்பம்போல நேராக மண்ணுக்குள் இறங்கினால், அதன் வேர்க்கழுத்து புதைந்துவிட்டது என்று பொருள்.

எவ்வளவு தூரம் வரை தோண்டக்கூடாது என்பதற்கு மரவியலாளர்கள் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு: நெஞ்சளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டம் எவ்வளவோ அதைப்போல் 12 மடங்கு ஆரம். விட்டத்தை அளப்பது கடினம் என்பதால், தையல் டேப்பால் சுற்றளவை எடுத்து ஏறக்குறைய நான்கால் பெருக்கினால் போதும். சுற்றளவு ஒன்றரை மீட்டர் என்றால் சுமார் 6 மீட்டர். சென்னையின் உட்தெருக்கள் பலவற்றின் மொத்த அகலமே அவ்வளவுதான் என்பதால் இந்தக் கணக்கை அப்படியே கடைப்பிடிக்க முடியாது. ஆனால் எந்த நிலையிலும் தாண்டக்கூடாத எல்லை ஒன்று உண்டு. விட்டத்தைப்போல் மூன்று மடங்கு, அதாவது இதே மரத்துக்குச் சுமார் ஒன்றரை மீட்டர். அதற்குள் ஒரு பக்கத்துத் தாங்குவேர்களை அறுத்தால் மரம் நிற்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

வர்தா சொன்னதும், நாம் கேட்டதும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு மேலேயே கரையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. புயலின் கண் நகரத்தின் மீது போனதால் காற்று சற்று நேரம் ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது. முதல் பாதியில் பிடி தளர்ந்த வேர்களுக்கு இரண்டாம் பாதி மறுபக்கத்திலிருந்து வந்த இடி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின் மீது விழும் விசை நான்கு மடங்காகும். மழையில் ஊறிய மண்ணின் பிடிமானமோ அதே நேரத்தில் குறைகிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே கொட்டுகிறது. புயல்களும் அப்போதே வருகின்றன.

அதற்குப் பிறகு மக்கள் மனதில் பதிந்த பாடம், ‘வெளிநாட்டு மரம் விழும், நாட்டு மரம் நிற்கும்’ என்பது. விழுந்தவற்றில் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் இயல்வாகையும் நிறைய இருந்தது உண்மை. குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. அதன் மரம் மென்மையானது, வேர் மேலோட்டமானது. தூங்குமூஞ்சி தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. ஆனால் இவையே அதிகம் நடப்பட்டவை என்பதால் அதிகம் விழுந்ததில் வியப்பில்லை. வேம்பும் புங்கனும்கூட விழுந்தன. இதே தூங்குமூஞ்சி மரங்கள் சிங்கப்பூரில் சாலைக்கு மேல் பந்தலிட்டு நிற்கின்றன. அங்கே நம் வங்கக் கடல் புயல் அடிப்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டாலும், வேருக்கு விடப்பட்ட இடமும் தவறாத பரிசோதனையும் அந்த மரங்களின் ஆயுளுக்குக் காரணம். 2001-ல் சிங்கப்பூர் சில சாலைகளை மரபுச் சாலைகள் என்று அறிவித்தபோது, இருபுறமும் 10 மீட்டர் பசுமைப் பட்டை காக்கப்பட வேண்டும் என்றது. காப்பாற்றியது மரத்தை மட்டும் அன்று, மண்ணையும்தான்.

மரவகைத் தேர்வு முக்கியம், மறுப்பதற்கில்லை. மின்கம்பிக்குக் கீழே மந்தாரைபோன்ற சிறு மரம் வைக்கலாம். கடற்காற்றுக்குப் புன்னையும் பூவரசும் தாங்கும். அகன்ற சாலைக்கு மகிழம், நாவல், நீர்மருது. ஆனால் எந்த மரமானாலும் ஒரு பக்க வேரை அறுத்த பிறகு அதற்கு நாடு கிடையாது.

வேர் எப்படிச் சாகிறது

விழுந்த மரத்தின் அடியைப் பார்த்தால் நான்கைந்து காரணங்கள் திரும்பத் திரும்பத் தெரியும். முக்கியமான வரிசையில்:

1. வடிகாலும் கேபிளும். மழைநீர் வடிகாலுக்காக ஜேசிபி தோண்டும்போது வேர் வெட்டப்படுவதில்லை, கிழிக்கப்படுகிறது. வாளி இழுத்த வேர் அடிமரம் வரை நார்நாராகப் பிளந்துவிடும். பிறகு அந்தப் பக்கம் கான்கிரீட் சுவர் எழும். புது வேர் போக வழியில்லை. மேலே பேவர் பிளாக் போட்டு மூடியதும் தெரு அழகாகிவிடும். மரம் உடனே விழாது. கிழிந்த இடத்தில் பூஞ்சை ஏறி, ஒன்றிரண்டு பருவமழைகள் கழித்து ஒருநாள் சாயும். அப்போது வடிகால் வேலையை யாரும் நினைவுபடுத்திப் பார்ப்பதில்லை. பழைய மரம், விழுந்துவிட்டது என்று முடிந்துபோகும்.

தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால், மரத்தை நெருங்கிய இடத்தில் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு கையால் தோண்ட வேண்டும். இரண்டு விரல் கனத்துக்கு மேற்பட்ட வேரை அறுக்காமல் அதன் அடியில் குழாயை நுழைக்க வேண்டும். தவிர்க்கவே முடியாத வேரை ரம்பத்தால் நேராக அறுத்து, அன்றே மண் மூட வேண்டும். திறந்த பள்ளத்தில் வெயில் பட்ட வேர் ஓரிரு நாளில் காய்ந்துவிடும்.

2. அடி வரை கான்கிரீட். காற்றும் நீரும் இறங்காத மண்ணில் உறிஞ்சுவேர்கள் சாகின்றன. மீதி இருப்பவை ஈரத்தைத் தேடி மேலே ஏறி நடைபாதையைப் பெயர்க்கின்றன. உடனே, ‘வேர் நடைபாதையை உடைக்கிறது’ என்று இன்னொரு புகார். டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றவும் விளம்பரப் பலகை, மின்கம்பி முதலியவற்றை மரங்களிலிருந்து நீக்கவும் உத்தரவிட்டது. ஒரு மீட்டர் என்பது குறைந்தபட்ச அளவு. அதுவும் கிடைக்காத மரங்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு.

3. மேடை. மரத்தைச் சுற்றி இரண்டடி உயரத்துக்குச் செங்கல் சுவர் எழுப்பி, மண்ணோ கட்டட இடிபாடோ நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவது. வேர்க்கழுத்து புதைந்து ஈரத்தில் அழுகும். இதில் ஒரு முரண் இருக்கிறது. வெட்டக் கூடாது என்று ஊரே காக்கும் அரசும் வேம்பும்தான் இதில் அதிகம் மாட்டுகின்றன. மஞ்சள் துணி கட்டி, பிள்ளையார் வைத்து, கும்பிடுகிற மரத்துக்குக் கிரானைட் மேடை கட்டிக் கொடுப்பது காணிக்கையாகக் கருதப்படுகிறது. சுவர் வேண்டுமானால் அடிமரத்திலிருந்து தள்ளி, மண் நிரப்பாமல் கட்டுங்கள். கும்பிடவும் இடம் இருக்கும், மரமும் இருக்கும்.

4. இரும்புக் கூண்டு. கன்றை ஆட்டிடமிருந்து காக்க வைத்த கூண்டை, மூன்றாம் ஆண்டு அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் அடிமரம் பருத்துக் கம்பியை விழுங்கும். பட்டைக்குக் கீழே ஓடும் உணவுப்பாதை நெரிபட்டு, காற்றில் அதே இடத்தில் ஒடியும். நன்கொடையாளர் பெயர்ப் பலகை கூண்டில் இருப்பதால் பலரும் அதில் கை வைக்கத் தயங்குகிறார்கள்.

5. ஆணி, சீரியல் விளக்கு, இறுக்கிக் கட்டிய கேபிள். ஓர் ஆணியால் மரம் சாகாது. ஆனால் ஒவ்வோர் ஆணியும் பூஞ்சைக்கு ஒரு வாசல். மரத்தைச் சுற்றி இறுகிய கம்பியோ சுருக்கு.

மரத்தைப் பிடிக்கும், என் வாசலில் வேண்டாம்

மேற்சொன்ன எதையும் மரத்தை வெறுக்கும் யாரோ செய்வதில்லை. நகரத்தில் மரம் வேண்டுமா என்று கேட்டால் மறுப்பவர் அரிது. சிக்கல், ‘இந்த மரம்’ என்று வரும்போது தொடங்குகிறது. சருகு விழுகிறது, மொட்டை மாடி நீர்க்குழாய் அடைக்கிறது, சம்ப்பில் வேர் இறங்குகிறது, நாவல் பழம் காரில் கறையாகிறது, வாசலுக்கு நேரே மரம் ஆகாது என்று வாஸ்துக்காரர் சொன்னார், கடைப் பலகை தெரியவில்லை. இப்போது புதிதாக ஒன்று: சிசிடிவி கேமராவைக் கிளை மறைக்கிறது. முருங்கை என்றால் மழைக்காலத்துக் கம்பளிப்பூச்சி ஒன்றே போதும்.

இந்தக் குறைகள் எல்லாம் பொய் என்று ஒதுக்குவது மர ஆர்வலர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. சருகைத் தினமும் கூட்டுவது வீட்டுப் பெண்களோ தூய்மைப் பணியாளரோதான். நிழல் தெருவுக்கே, வேலை ஒருவருக்கு. மரத்தின் பயனும் சுமையும் ஒரே ஆளிடம் சேர்வதில்லை என்பதே இந்த விவகாரத்தின் மையம்.

இதற்கு நன்கு ஆராயப்பட்ட ஒரு சான்று அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் இருக்கிறது. 2011 முதல் 2014 வரை அங்கே ஒரு தொண்டு அமைப்பு வீட்டுக்கு முன்னால் இலவசமாக மரம் நட முன்வந்தது. கேட்கப்பட்ட சுமார் 7,400 வீடுகளில் ஏறத்தாழ 1,800 வீடுகள், அதாவது நான்கில் ஒன்று, வேண்டாம் என்றன. கிறிஸ்டின் கார்மைக்கேல் என்ற ஆய்வாளர் ஏன் என்று கேட்டபோது கிடைத்த பதில், மரத்தின் அருமை தெரியாமை அன்று. நகர நிர்வாகம் பழைய மரங்களைப் பட்டுப்போக விட்டதை அந்த மக்கள் பார்த்திருந்தார்கள். புது மரத்தின் சருகும் கிளையும் கடைசியில் தங்கள் தலையில்தான் விழும் என்று அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். எந்த மரம், எங்கே நடுவது என்பதில் அவர்களிடம் யாரும் யோசனை கேட்கவும் இல்லை.

நம் ஊரில் வேண்டாம் என்று சொல்லும் வழி வேறு. விழாவில் நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்றாமல் விடுவது, பருவமழைக்கு முன் வரும் ஆட்களிடம் ‘நல்லா இறக்கி வெட்டுங்க’ என்று சொல்வது, சில இடங்களில் இரவோடு இரவாக அடியில் பட்டையை உரிப்பது. எண்ணிக்கையில் நடுவதற்கு ஆள் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 ஆக்க வேண்டும் என்ற இலக்கு கொண்டது. ஆனால் நட்ட மூன்றாம் ஆண்டுக்கும் விழும் ஆண்டுக்கும் இடையில் மரம் யாருடையது என்பது தெருவில் எவருக்கும் தெளிவாகத் தெரியாது. மாநகராட்சி, மின்வாரியம், நெடுஞ்சாலைத் துறை, கேபிள்காரர், வீட்டுக்காரர் என்று எல்லாரும் வெட்டுகிறார்கள். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

‘ஒன்று வெட்டினால் பத்து நடுவோம்’ என்ற சமாதானத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மீட்டர் விரிவுள்ள ஒரு தூங்குமூஞ்சியின் நிழல் சுமார் 113 சதுர மீட்டர். ஒரு மீட்டர் விரிவுள்ள பத்துக் கன்றுகளின் நிழல் 8 சதுர மீட்டர்கூட வராது. அதுவும் பத்தும் பிழைத்தால்.

கவாத்து வேறு, மொட்டையடிப்பது வேறு

கவாத்து என்பது வேண்டாத கிளைகளை அளவாக, முறையாக வெட்டுவது. பயத்தால் செய்யும் மொட்டையடிப்போ மரத்தை முன்னைவிட ஆபத்தானதாக்குகிறது. எப்படி என்றால்:

1. உச்சியையும் பெருங்கிளைகளையும் நடுவில் தறித்ததும் மரம் உணவுக்கு வழியின்றித் தவித்து, வெட்டிய முனையைச் சுற்றி ஒரு கொத்துத் தளிர் விடும்.

2. இயல்பான கிளை அடிமரத்தின் உள்ளிருந்து ஆண்டுதோறும் பின்னிப் பிணைந்து வளர்வது. இந்தத் தளிர்களோ வெளிப்பட்டையை ஒட்டி முளைப்பவை; பிடிப்பு கிடையாது.

3. இரண்டு மூன்று ஆண்டுகளில் அவை பழைய உயரத்தை எட்டும். அதற்குள் வெட்டுவாய் ஆறாமல் உள்ளே அழுகியிருக்கும்.

4. அடுத்த புயலில் அந்தக் கிளைகள்தான் காரின் மேல் விழும். உடனே, போன தடவை வெட்டியது போதவில்லை என்று இன்னும் கீழே இறக்கி வெட்டுவார்கள்.

மரத்தின் காயம் நம் தோல்போல ஆறுவதில்லை. பழைய திசுவை ஒதுக்கிச் சுவரெழுப்பி, மேலே புதுமரம் வளர்த்து மூடிக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து நிறுவிய உண்மை இது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் உள்ள புடைப்பு, அதாவது கிளைக்கழுத்து, இந்த மூடும் வேலையைச் செய்கிறது. அதை வெட்டிவிட்டால் காயம் மூடாது. அதிலிருந்து ஒரு முழம் விட்டு வெட்டினாலும் மூடாது, அந்தக் கட்டை அழுகி உள்ளே இறங்கும்.

மணிக்கட்டைவிடப் பெரிய கிளைக்கு மூன்று வெட்டு:

1. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை ரம்பம் போடுவது.

2. அதற்கு இரண்டு விரல் வெளியே, மேலிருந்து முழுவதும் அறுப்பது. கிளை தன் எடையில் முறிந்து விழும்போது பட்டை அடிமரம் வரை உரிந்துவராது. முதல் வெட்டு தடுத்துவிடும்.

3. மிஞ்சிய கட்டையைக் கிளைக்கழுத்துக்குச் சற்று வெளியே அறுப்பது.

முதல் இரண்டு வெட்டையும் விட்டுவிட்டு அரிவாளால் ஒரே போடாகப் போடுவதால்தான் நம் தெருமரங்களின் உடலில் ஓரடி, இரண்டடி நீளத்துக்கு உரிந்த தழும்புகள். வெட்டுவாயில் தாரோ பெயின்டோ பூசுவதால் அழுகல் நிற்பதில்லை. ஒரே ஆண்டில் உயிருள்ள இலைப்பரப்பில் கால்வாசிக்கு மேல் எடுக்கக் கூடாது. வேலையை ஜூலை, ஆகஸ்டில் முடித்தால் மழைக்குள் மரம் சுதாரிக்கும். மின்கம்பியைத் தொடும் கிளையை வீட்டுக்காரர் தொடவே கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும் நாளில் செய்ய வேண்டிய வேலை அது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்துக்குப் பின் வேப்பமரம் நுனிக்கொழுந்து கருகி, மொத்தமாக எரிந்ததுபோல் நிற்பதைப் பார்த்துப் பட்டுவிட்டது என்று வெட்டிவிடுகிறார்கள். தேயிலைக் கொசு என்னும் சாறுறிஞ்சும் பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்து செய்யும் வேலை அது. பெரும்பாலான மரங்கள் வெயில் ஏறியதும் மறுபடி துளிர்க்கும். கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

எது உண்மையிலேயே ஆபத்து

சாய்ந்திருப்பது மட்டும் ஆபத்தாகாது. நெடுநாள் முன்பே சாய்ந்து, நுனி மறுபடி வானத்தை நோக்கி நிமிர்ந்த மரம் அதற்கேற்ப வேரைப் பலப்படுத்தியிருக்கும். கவனிக்க வேண்டியவை வேறு:

1. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருப்பது அல்லது மேலெழும்பியிருப்பது. புதிதாகத் தெரிந்தால் அன்றே சொல்ல வேண்டிய செய்தி இது.

2. வேர்க்கழுத்தில் தட்டுப்போல நீட்டிக்கொண்டிருக்கும் காளான். வெளியே காளான் வரும்போது உள்ளே அழுகல் வெகுதூரம் போயிருக்கும்.

3. சம கனமுள்ள இரண்டு கிளைகள் ஆங்கில ‘V’ வடிவக் கவட்டையில் நெருக்கிக்கொண்டு, நடுவில் பட்டை சிக்கியிருப்பது. குல்மோகரிலும் இயல்வாகையிலும் அடிக்கடி காணலாம்.

4. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு பக்கம் பள்ளம் தோண்டப்பட்டிருப்பது. மரத்தைப் பார்த்துத் தெரியாது. தெருக்காரர் நினைவில்தான் இருக்கும்.

யாரிடம், எதை எழுதுவது

டெல்லிக்கு 1994-லும் கர்நாடகத்துக்கு 1976-லும் மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975-லும் மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1955-ன் மரப் பாதுகாப்புச் சட்டம் மலைப்பகுதிகளுக்கானது. சமவெளியில் அரசு நிலங்களிலும் பொது இடங்களிலும் உள்ள மரங்களை வெட்டும் கோரிக்கைகளைப் பரிசீலிக்க, 2021-ல் மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. தெருவோர மரத்தை வீட்டுக்காரர் தன் விருப்பத்துக்கு வெட்ட முடியாது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

சென்னையில் முதல் படி மாநகராட்சியின் 1913 எண்ணோ வார்டு பொறியாளரோ. ‘ஆபத்தான மரம், அகற்றவும்’ என்று எழுதினால் வருவது ரம்பம்தான். அதற்குப் பதிலாக மனுவில் இருக்க வேண்டியவை: மரத்தின் வகை, நெஞ்சுயரச் சுற்றளவு, மேலே சொன்ன நான்கு அறிகுறிகளில் எது, எந்தத் திசையில், அந்த அறிகுறியின் அருகில் எடுத்த படம், கேட்பது கிளைக் கவாத்தா, அடியில் கான்கிரீட் உடைப்பதா, கூண்டு அகற்றுவதா, முழுதும் நீக்குவதா என்ற தெளிவான ஒரு வரி. வடிகால் வேலைக்குக் குறியிடத் தொடங்கும் நாளிலேயே, மரத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரத்தை டேப்பில் அளந்து, படத்தோடு ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளருக்கும் பொறியாளருக்கும் அனுப்புங்கள். பேவர் பிளாக் போட்ட பிறகு அந்தத் தூரத்தை எவராலும் அளக்க முடியாது.